காயம் ஆறி வர்ற இளங்குதிரையைத் திரும்ப வேலைக்கு எடுக்கிறப்போ என்னென்ன கோளாறு வரும், எதுக்கு என்ன பண்ணணும்

டாக்டர் ஸ்கேன் பாத்துட்டு "சரி, இனிமே மெல்ல வேலைக்கு எடுங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார், நீங்க கயித்தக் கையில வச்சிக்கிட்டு லாயத்துல நிக்கிறீங்க, அது நாலு மாசம் அடைஞ்சு கெடந்த கடுப்புல வாசலயே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு. உண்மையான தொல்லை இங்கதான் ஆரம்பிக்குது. காயம் ஆறுற வரைக்கும் டாக்டர் கணக்கு, அதுக்கப்புறம் தினம் காலையில கையை வச்சுப் பாக்குற நம்ம கணக்கு.

ரெண்டுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள குதிரைங்களை மனசுல வச்சுத்தான் இத எழுதுறேன். டெண்டன் (தசையை எலும்போட இணைக்கிற நார்), லிகமெண்ட் (எலும்பை எலும்போட இணைக்கிற நார்), எலும்பு, குளம்பு, எதுல அடிபட்டிருந்தாலும் ஒரு விஷயம் பொது: மூச்சும் நெஞ்சும் சில வாரத்துல தேறிடும், தசை ரெண்டு மூணு மாசத்துல வந்துடும், டெண்டனும் எலும்பும் மட்டும் மாசக்கணக்குல இழுக்கும். அதனால ஒரு கட்டத்துல குதிரை பாக்க ஜம்முன்னு இருக்கும், ஓட விடுன்னு கெஞ்சும், ஆனா அந்தக் கால் இன்னும் தயாரா இருக்காது. நான் பாத்த வரைக்கும் கால் ரெண்டாவது தடவை போனதெல்லாம் இந்த இடைவெளியிலதான். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்னு சும்மாவா சொன்னாங்க.

மொதல்ல ஒரு நோட்டு போடுங்க

எது கோளாறுன்னு தெரியணும்னா எது சாதாரணம்னு தெரிஞ்சிருக்கணும். வளந்த குதிரைக்கு சும்மா நிக்கும்போது நாடி நிமிஷத்துக்கு 28ல இருந்து 44, மூச்சு 8ல இருந்து 16, உடம்புச் சூடு 37.5ல இருந்து 38.5 டிகிரி செல்சியஸ். ஆனா உங்க குதிரையோட சொந்த எண் என்னன்னு ஒரு வாரம் எழுதி வச்சாத்தான் இதுக்கு அர்த்தம் வரும். அதோட தினம் காலையில வெளிய எடுக்கிறதுக்கு முன்னாடி நாலு காலையும் தடவிப் பாருங்க, நல்ல காலையும் சேத்துதான், ஏன்னா ஒரு கால் வலிச்சா பாரமெல்லாம் எதிர்க்கால்ல ஏறியிருக்கும்.

முன்னங்கால்ல முழங்காலுக்குக் கீழ பின்பக்கமா கயிறு மாதிரி ஓடுறதுதான் டெண்டன், நிறைய பேர் நரம்புன்னு சொல்வாங்க, நரம்பு வேற இது வேற. காலைத் தூக்கி மடக்கிப் பிடிச்சு, கட்டைவிரலுக்கும் ரெண்டு விரலுக்கும் நடுவுல டெண்டனை வச்சு மேலருந்து, குளம்புக்குக் கொஞ்சம் மேல இருக்கிற ஃபெட்லாக் மூட்டு வரைக்கும் அரை அங்குலம் அரை அங்குலமா அமுக்கிட்டே வாங்க. எந்த எடத்துல காலை இழுக்குதுன்னு கவனிங்க. ஒரு தடவை இழுத்தா கூச்சமா இருக்கலாம், அதே எடத்துல மூணு தடவையும் இழுத்தா அது கூச்சம் இல்ல.

அப்புறம் ரெண்டு விதி. இன்னிக்கு குடுத்த வேலைக்கு மார்க் நாளைக்குக் காலையிலதான் வரும், வேலை முடிஞ்ச உடனே கால் நல்லா இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க. ரெண்டாவது, ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும்: நேரம், வேகம், தரை, வட்டம், லாடம், இதுல ஏதாவது ஒண்ணு. ரெண்டை மாத்திட்டு கால் வீங்குச்சுன்னா எதால வீங்குச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

மத்தபடி அளவு எல்லாம் காயத்தைப் பொறுத்தது. பொதுவா கையில பிடிச்சு 10 நிமிஷம் நடை, நாளைக்கு ரெண்டு வேளை, வாரத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட்டி 40 நிமிஷம் வந்ததும் மேல ஆள் ஏறி நடை, அதுவும் சில வாரம் ஓடுன பிறகு நேர்கோட்டுல ரெண்டு மூணு நிமிஷம் டிராட் (நடைக்கு அடுத்த வேகம், மெதுவான ஓட்டம்), இப்படித்தான் போகும். டாக்டர் குடுத்த அட்டவணை இதவிட மெதுவா இருந்தா அதுதான் சரி.

வெளிய கொண்டு வந்ததும் எகிறுது, பின்னங்கால்ல எந்திரிக்குது

மொத வாரம் இது இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். ஆனா ஒரே ஒரு குதியில மூணு மாச வைத்தியம் போயிடும், அதனால விளையாட்டா எடுத்துக்க வேண்டாம்.

மொதல்ல தீனியப் பாருங்க. வேலை செஞ்சப்போ குடுத்த தானியத்தையே அடைஞ்சு கெடக்கும்போதும் குடுத்துக்கிட்டு இருந்தா அந்தத் தெம்பு எங்க போகும்? தானியத்தைக் குறைச்சு, காஞ்ச புல்லைக் கூட்டுங்க. ஒரு நாளைக்கு உடம்பு எடையில ஒண்ணரைல இருந்து ரெண்டு சதவீதம் வரைக்கும் புல்லே போகலாம், 400 கிலோ குதிரைன்னா ஆறுல இருந்து எட்டு கிலோ. அடுத்தது நேரம். பக்கத்துக் குதிரைங்க ஓடிக்கிட்டு இருக்கிற நேரத்துல இத வெளிய கூட்டிட்டு வராதீங்க. அமைதியான ஒரு வயசான குதிரை பக்கத்துல நடந்தா பாதி ஆட்டம் அடங்கிடும்.

உங்க பாதுகாப்புக்கு ஹெல்மெட், கையுறை, நீளமான கயிறு. கயித்தக் கையில சுத்திக்கவே கூடாது, மடிச்சு மட்டும் பிடிங்க. இதெல்லாம் பண்ணியும் அடங்கலன்னா டாக்டர்கிட்ட மயக்க மருந்து கேக்கிறதுல வெக்கமே வேண்டாம், லேசான டோஸ் குடுத்து நடக்க வைக்கிறது வழக்கமான விஷயம்தான். ஆனா ஆண் குதிரைன்னா அத கண்டிப்பா சொல்லுங்க, அசிப்ரோமசின் மாதிரி சில மருந்து அதுங்களுக்கு உறுப்பு உள்ள போகாம தொங்கிடுற ஆபத்து உண்டு. யாரோ மிச்சம் வச்ச பாட்டில்ல இருந்து நீங்களா போடுற வேலையே வேண்டாம்.

நடக்கும்போது சரியா இருக்கு, டிராட்ல தலையை ஆட்டுது

கெட்டியான சமதரையில, நேரா, கயித்தத் தளர்த்திப் பிடிச்சு ஒருத்தர் ஓட வைக்கட்டும், நீங்க தள்ளி நின்னு பாருங்க. முன்னங்கால் வலின்னா வலிக்கிற கால் தரையில படும்போது தலை மேல போகும், நல்ல கால் படும்போது தலை கீழ எறங்கும். பின்னங்கால் வலின்னா பின்னாடி நின்னு இடுப்பு எலும்பைப் பாக்கணும், வலிக்கிற பக்கம் அதிகமா ஏறி எறங்கும். இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு: பின்னங்கால் வலியிலயும் தலை ஆடும், அதே பக்கத்து முன்னங்கால் நொண்டுற மாதிரியே தெரியும். அதனால இடது முன்னங்கால்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பின்னாடி இருந்தும் ஒரு தடவை பாத்துடுங்க. கண்ணு பழகலன்னா போன்ல வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிப் பாருங்க.

வலி மாத்திரை குடுத்துக்கிட்டே இந்தச் சோதனை பண்றவங்க இருக்காங்க. அப்படிப் பாத்தா மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு மட்டும்தான் தெரியும். மருந்து நிறுத்தி எத்தனை நாள் கழிச்சுப் பாக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் ஓட வைங்க.

இளங்குதிரையில இன்னொரு குழப்பமும் வரும். ஆள் ஏறினா மட்டும், ஒரு பக்க வட்டத்துல மட்டும் ஒழுங்கில்லாம நடக்கும். வலுவில்லாததாலயும் இருக்கலாம், சின்ன வலியாலயும் இருக்கலாம். ஆள் எறங்கி நேர்கோட்டுல பாருங்க, அப்பவும் தலை ஆடினா வலின்னே வச்சுக்கோங்க. ஆடலன்னா ஒரு வாரம் வட்டமே இல்லாம நேரா மட்டும் வேலை குடுத்துட்டு திரும்பப் பாருங்க, இன்னும் இருந்தா டாக்டர். லஞ்சிங் கயித்துல சின்ன வட்டமா சுத்த வைக்கிறத இந்தக் காலத்துல மறந்துடுங்க, அடக்குறதுக்கு ஈஸியா தெரியும், ஆறிட்டு வர்ற காலுக்கு அவ்வளவு கோணல் பாரம் வேற எதுலயும் விழாது.

காலையில பாத்தா கால் வீங்கியிருக்கு

எத்தனை கால்னு மொதல்ல எண்ணுங்க. ரெண்டு பின்னங்காலும் ஒரே மாதிரி வீங்கி, சூடு இல்லாம, விரலால அமுக்கினா பள்ளம் விழுந்து, பத்து இருபது நிமிஷம் நடந்ததும் வடிஞ்சிடுச்சுன்னா அது ராத்திரி முழுக்க நின்னதால நீர் தேங்குனது. நடையை ரெண்டு வேளையா பிரிச்சுக் குடுத்தா குறைஞ்சிடும்.

ஒரே ஒரு கால், சூடு, தொட்டா வலி, நடந்தும் வடியலன்னா கணக்கு வேற. அன்னிக்கு வேலை கிடையாது. 15ல இருந்து 20 நிமிஷம் குளிர்ந்த தண்ணி அடிச்சுட்டு டாக்டருக்குச் சொல்லுங்க. அதுவே ஒரு கால் தொடை வரைக்கும் தூண் மாதிரி ஊதி, கூடவே காய்ச்சலும் இருந்தா தோலுக்கு அடியில கிருமி புகுந்திருக்கும், நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கே மருந்து ஆரம்பிக்கணும்.

கட்டு போட்டதாலயே வீக்கம் வர்றதும் உண்டு. ஒரு எடத்துல இறுக்கமா ஒரு எடத்துல தளர்வா சுத்தினா டெண்டன் மேலயே அழுத்தி புடைப்பு வரும். அடியில மெத்தையா பஞ்சு வைக்காம வெறும் துணிய சுத்துறத விட கட்டே போடாம விடுறது எவ்வளவோ மேல்.

பழைய காயம் இருந்த எடத்துல மட்டும் லேசா சூடு

இதுல நானே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன். மூணு வயசுப் பொட்டைக் குதிரை, இடது முன்னங்கால் டெண்டன், அஞ்சாவது மாச ஸ்கேன் நல்லா வந்துச்சு, டிராட் ஆரம்பிச்சாச்சு. அஞ்சு நிமிஷத்துல இருந்து பத்து நிமிஷமா கூட்டினேன், அதே வாரத்துல பாதையில ஆள் நடமாட்டம் ஜாஸ்தியா இருக்குன்னு மணல் களத்துக்கும் மாத்திட்டேன். மணல்னா மெத்துன்னு இருக்கும், காலுக்கு நல்லதுன்னு ஒரு நெனப்பு. ஆழமான மணல்ல கால் புதைஞ்சு புதைஞ்சு எழும்பணும், டெண்டன்தான் இழுபடும், அது அப்போ மண்டையில ஏறல. ரெண்டு நாள் ஒண்ணும் தெரியல. மூணாவது நாள் காலையில கை வச்சப்போ சூடுன்னு சொல்லவே முடியாது, வலது காலை விட இடது கால் கொஞ்சம் கதகதன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். நொண்டல் இல்ல. காலைத் தூக்கி அமுக்கிட்டே வந்தேன், நடு எடத்துல கயிறு மாதிரி விறைப்பா இருக்க வேண்டியது கொழகொழன்னு ஒரு விரல் அகலத்துக்கு அமுங்குச்சு, அவ டக்குனு காலைப் புடுங்கிட்டு திரும்பி என் தோள்பட்டைய மோந்து பாத்தா. கடிச்சிருந்தா கூட தேவலைன்னு இருந்துச்சு.

ஸ்கேன்ல புதுசா கிழியல, நல்ல நேரம். ஆனா ஆறு வாரம் பின்னாடி போய் திரும்ப வெறும் நடையில இருந்து ஆரம்பிக்க வேண்டியதாச்சு.

டெண்டன் ஆறுறது எப்படின்னு தெரிஞ்சா இந்த அவசரம் வராது. கிழிஞ்ச எடத்துல மொதல்ல ஒழுங்கில்லாத வலுவில்லாத நார்தான் வரும், டைப் 3 கொலாஜன்னு சொல்வாங்க, அது மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வலுவான டைப் 1 கொலாஜனா மாறி, இழுபடுற திசையில வரிசையா அடுக்கிக்கும். அந்த வரிசை வர்றதுக்கு அளவான நடை தேவை, சும்மா கட்டி வச்சாலும் வராது, அதிகமா ஓட வச்சா பிஞ்சுடும். பெரிய காயம்னா முழு வேலைக்கு 9ல இருந்து 12 மாசம், சமயத்துல அதுக்கும் மேல. ஆறின பிறகும் பழைய டெண்டன் அளவுக்கு நெகிழ்வு இருக்காது. அதனால டிராட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, அதுக்கும் அடுத்த வேகமான கேன்டருக்குப் போறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு படியிலயும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. நொண்டல, அதனால ஸ்கேன் வேண்டாம்னு நெனக்காதீங்க, டெண்டன் ஆறுறதுக்கு ரொம்ப முன்னாடியே நொண்டல் நின்னுடும்.

சூடு தெரிஞ்ச அன்னிக்குப் பண்ண வேண்டியது: டிராட்ட நிறுத்துங்க, தண்ணி அடிங்க, கடைசி அஞ்சு நாள்ல என்ன மாத்துனீங்கன்னு நோட்டப் பாருங்க, டாக்டருக்குப் போன் போடுங்க. நிறுத்தின பிறகு ஒண்ணும் இல்லன்னு உறுதியாச்சுன்னா நஷ்டம் ரெண்டு நாள்தான்.

திடீர்னு ஒரு காலை ஊனவே மாட்டேங்குது

பழைய காயம்தான் திரும்பிடுச்சுன்னு நெஞ்சு படபடக்கும். பல சமயம் குளம்புக்குள்ள சீழ் கட்டினதா இருக்கும். குளம்பு சூடா இருக்கும், ஃபெட்லாக் மூட்டுக்குப் பின்னாடி ரெண்டு ஓரத்துலயும் விரல் வச்சா நாடி தடதடன்னு அடிக்கும், ஆனா மேல கால்ல ஒண்ணும் தெரியாது. அது சீழ்னா வெளிய எடுத்து விட்டதும் குதிரைக்கு உடனே நிம்மதி தெரியும். சமீபத்துல லாடம் அடிச்சிருந்தா ஆணி உள்ள பட்டிருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. ஆனா எலும்பு உடைஞ்சாலும் காலை இப்படித்தான் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கும், அதனால டாக்டர் வர்ற வரைக்கும் ஒரு அடி கூட நகத்த வேண்டாம்.

வேலை நடுவுல கட்டை மாதிரி நின்னுடுச்சு

வேர்த்துக் கொட்டுது, பின்பக்கத் தசை கல்லு மாதிரி இருக்கு, நகர மாட்டேங்குது, சிறுநீர் காபி நிறத்துல போகுதுன்னா தசை கட்டிக்கிச்சுன்னு அர்த்தம். சண்டித்தனம்னு நெனச்சு அடிச்சு நடக்க வைக்காதீங்க, நடக்க நடக்க தசை இன்னும் சிதையும், அந்தக் கழிவு சிறுநீரகத்துல போய் அடைக்கும். நின்ன எடத்துலயே எறங்குங்க, சேணத்தை எடுங்க, குளிர்னா போர்வை, குடிக்கத் தண்ணி, டாக்டர். லீவு நாள்லயும் முழுத் தானியம் போட்டுட்டு மறுநாள் வேலைக்கு எடுக்கிறது இதுக்குப் பழைய காரணம். பதட்டப்படுற இளம் பொட்டைக் குதிரைங்களுக்கு இது அதிகமா வரும்.

முன்னங்கால் எலும்போட முன்பக்கம் தொட்டா சுருங்குது

முழங்காலுக்கும் ஃபெட்லாக்குக்கும் நடுவுல இருக்கிற அந்த நீள எலும்பு. எலும்பு விழுற பாரத்துக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்கிற பொருள், நாலு மாசம் பாரம் இல்லன்னா இளைச்சுடும், திடீர்னு வேகம் குடுத்தா தாங்காம முன்பக்கம் வலிக்கும், ரெண்டு வயசு ரேஸ் குதிரைங்ககிட்ட இது சகஜம். சகஜம்ங்கிறதால அலட்சியம் பண்ண வேண்டாம், உள்ள மயிரிழை விரிசல் இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்காம வேலைய தொடராதீங்க.

சேணம் வச்சா காதை மடக்குது, வயித்துப் பட்டை இறுக்கினா கடிக்க வருது

அடைஞ்சு கெடந்ததுல முதுகுத் தசை கரைஞ்சிருக்கும். முன்னாடி கச்சிதமா இருந்த சேணம் இப்போ முன்னாடி எறங்கி தோள் மேட்டுல உக்காரும். ஆள் ஏறின பிறகு அந்த மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் போகணும். போகலன்னா தற்காலிகமா மெத்தை வச்சு சரி பண்ணுங்க, ஆனா தசை வர வர அதே மெத்தை இறுக்கமாயிடும், அதனால மாசா மாசம் திரும்பப் பாக்கணும்.

சேணம் சரியா இருந்தும் வயித்துப் பட்டைக்குக் கடுப்பாகுது, தீனியும் பாதியில விடுது, மினுமினுப்பு போயிடுச்சுன்னா வயித்துப் புண்ண சந்தேகப்படுங்க. லாயத்துல அடைஞ்சு கெடக்கிறதும் வலி மாத்திரையும் சேந்தா வர்றதுதான், கேமரா விட்டுப் பாத்தாத்தான் உறுதியாகும். அதுவரைக்கும் வேலைக்கு அரை மணி நேரம் முன்னாடி கொஞ்சம் புல் குடுங்க, வெறும் வயித்துல ஓடினா அமிலம் மேல தெறிக்கும்.

கடிவாளம் போட்டா தலையை உதறுது

கொள்ளுன்னா வாயைத் தொறக்கும், கடிவாளம்னா மூடிக்கும்னு பழமொழி சொல்லி சிரிச்சிட்டுப் போயிடுவோம், ஆனா இந்த வயசுல வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. ரெண்டரை வயசுல நடு வெட்டுப்பல் மாறும், மூணரையில அதுக்கு அடுத்தது, நாலரையில ஓரத்துப் பல்லு, உள்ள கடைவாய்லயும் பால்பல் கழண்டுக்கிட்டு இருக்கும். காயத்துக்கு முன்னாடி அமைதியா கடிவாளம் வாங்குனது இப்போ வாங்கலன்னா நடுவுல போன மாசங்கள்ல பல்லு மாறியிருக்கும். பல் பாக்குறவரை ஒரு தடவை வரச் சொன்னா தீந்துடும்.

அடிக்கடி இடறுது

மொதல்ல லாடம் அடிச்சு எத்தனை வாரம் ஆச்சுன்னு பாருங்க. வேலைதான் இல்லையேன்னு குளம்ப விட்டுட்டா முன்பக்கம் நீண்டுடும், நாலுல இருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை சீர் பண்ணியே ஆகணும், நீண்ட குளம்பு டெண்டனுக்கும் பாரம். கடைசி அஞ்சு நிமிஷத்துல மட்டும் இடறினா களைப்பு, அந்த அஞ்சு நிமிஷத்தை வெட்டிடுங்க. வேலை ஆரம்பத்துல இருந்தே பின்னங்காலை இழுத்து, திரும்பும்போது தள்ளாடுதுன்னா அது முதுகுத்தண்டு விஷயமா இருக்கலாம், அதுக்கப்புறம் மேல யாரும் ஏறக்கூடாது.

வேலை முடிஞ்சும் மூச்சு எறங்கல

மூச்சு எறங்கலன்னா நாடியையும் பாருங்க, குதிரையோட இடது முழங்கைக்குப் பின்னாடி ஸ்டெதஸ்கோப் வச்சு 15 விநாடி எண்ணி நாலால பெருக்குங்க. லேசான வேலைக்கு அப்புறம் 10ல இருந்து 15 நிமிஷத்துல நாடி 60க்குக் கீழ வந்துடணும். வரலன்னா வேலை அதிகம், இல்ல வெயில் அதிகம், இல்ல எங்கயோ வலிக்குது. வலியிலயும் நாடி ஏறும்ங்கிறத நிறைய பேர் மறந்துடுறாங்க. போன வாரம் இதே வேலைக்கு சீக்கிரம் எறங்கி, இந்த வாரம் எறங்கலன்னா காலைத் தடவிப் பாத்துட்டுத்தான் மத்த காரணத்தைத் தேடணும். இருமலும் சேந்து இருந்தா லாயத்துத் தூசு, புல்லைத் தண்ணியில நனைச்சுக் குடுங்க, காய்ச்சலும் இருந்தா வேலைய நிறுத்திட்டு டாக்டர்.

எல்லாம் சரி, ஆனா புடைப்பு மட்டும் போகவே மாட்டேங்குது

கெட்டியா, சில்லுன்னு, அமுக்கினா வலி இல்லாம, அளவு மாறாம இருந்தா அது தழும்பு. போகாது. களிம்பு தேய்ச்சு கரைக்கிறேன்னு யாராவது சொன்னா தலையாட்டிட்டு வந்துடுங்க. புடைப்போட நடுவுல டேப் வச்சு சுற்றளவு எழுதி வைங்க, முழங்கால்ல இருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழன்னும் சேத்து எழுதுங்க, அப்பத்தான் அடுத்த மாசமும் அதே எடத்துல அளக்க முடியும். என் குதிரைக்கு இப்போ ஆறு வயசு, முழு வேலை செய்யுது, இடது கால்ல கட்டைவிரல் நீளத்துக்கு இன்னும் அந்த மேடு இருக்கு, காலையில தண்ணி வைக்கப் போகும்போது என் கை தானா மொதல்ல அங்கதான் போகுது, அவளும் காலை இழுக்காம புல்லை மென்னுக்கிட்டு நிப்பா.